கைகட்டி நிற்கப் போகும் மகனுக்கு

அன்பு மகன்,

முதலில் உன் கோபத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி எங்கள் கான்வென்ட் பழைய மாணவிகள் வருஷா வருஷம் போடும் மலருக்கும் போகிறது. "நம்ம வீட்டு விஷயத்த ஊருக்கெல்லாம் சொல்லணுமாம்மா?" என்று நீ கேட்பது இங்கேயே என் காதில் விழுகிறது. சொல்லத்தான் வேண்டும். வாயால் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். எழுபத்தெட்டு வயதில் எனக்குக் கட்டைவிரல் போதாது. அச்சில் வந்தால், உன் நண்பர்களின் அம்மாமார் படித்துவிட்டு உன்னிடம் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்திலாவது முழுதாகப் படிப்பாய். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து படி. படுத்துக்கொண்டு படிக்காதே.

அடுத்த மாதம் நீ இரண்டு கிழமைக்கு மலாவிக்குப் போகிறாய். ஒரு பெரிய பிரதேசத்துக்கே மூளை, நரம்புச் சத்திரசிகிச்சைக்கு அங்கே ஓர் இளம் பெண்தான் இருக்கிறாள், டொக்டர் தன்டிவே. அவளுக்குப் பக்கத்தில் நின்று அவள் கையைப் பழக்கிவிட, வெளியிலிருந்து யாராவது ஒரு மூத்த டொக்டர் சம்பளம் வாங்காமல் தன் லீவில் போகிறார். இந்த முறை அது நீ. கேள்விப்பட்ட அன்று அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, "கேட்டீங்களா, நம்ம மகன ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கக் கூப்பிட்டிருக்காங்க" என்று சத்தமாகவே சொன்னேன். பிறகு பக்கத்து வீட்டுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு யார் யாருக்குச் சொன்னேன் என்பது உனக்குத் தேவையில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ ஒன்று சொன்னாய். பருப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாய். "ரெண்டு கிழமைம்மா. ஒரு நாளைக்கு ரெண்டுன்னு வச்சாலும் இருபது கேஸ் முடிச்சிட்டு வந்திருவேன். அந்தப் புள்ள பாத்துப் பழகிக்கும்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நீ கவனிக்கவில்லை. மகன், நீ கெட்டிக்காரன், இருபது பேரைக் குணமாக்கிவிட்டுத்தான் வருவாய். இருபத்தோராவது ஆள் என்ன செய்வார்? நீ விமானம் ஏறிய மறுநாள் அந்த ஊர்ச் சனம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "அந்த வெளிநாட்டு டொக்டர் எப்ப திரும்பி வருவார்?" என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? நீ போவதற்கு முன்பு இருந்ததைவிட, வந்த பிறகு அவள் சின்னவளாகிவிடுவாள். டொக்டரில்லாத நான் இதில் என்ன பேசலாம் என்று நினைக்காதே. நான் நோயாளி. மேசையின் மேல் படுத்தவளுக்கும் சொல்ல நாலு வார்த்தை உண்டு.

டொக்டர் ஆர்னே நம் வீட்டுக்கு வந்த முதல் ஜனவரியை நினைத்துப் பார். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாடி அறை சும்மா கிடந்தது. இளம் டொக்டர்களைப் பழக்க நோர்வேயிலிருந்து ஒரு பெரிய சேர்ஜன் இனி ஒவ்வொரு ஜனவரியும் வருகிறார், அவருக்குப் பேசிவைத்த இடம் கடைசி நேரத்தில் சரிவரவில்லை, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும், பேராதனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் தூரமில்லை என்று நீ என் தலையில் கட்டினாய். வந்தவர் ஆறடிக்கு மேல். முதல் நாள் காலையில் இடியப்பத்தை வைத்தேன். சொதியை ஒதுக்கிவிட்டு, பாணுக்கு வைத்திருந்த ஸ்ட்ரோபெரி ஜாமை எடுத்து இடியப்பத்தின் மேல் தடவினார். "டொக்டர், இந்த வீட்டில் அப்படிச் சாப்பிடுவதில்லை" என்றேன். "அப்படியா மேடம், நன்றி" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தடவினார். நாலாம் நாள் ஜாம் போத்தலை நானே அவர் பக்கம் நகர்த்தினேன். அவருடைய இங்கிலீஷை மட்டும் விடவில்லை. மேசையிலேயே திருத்துவேன். அவரும் ஒரு குட்டிக் கொப்பியில் குறித்துக்கொள்வார்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவர் வந்ததும் நான் கேட்பேன், "இன்று எத்தனை ஒபரேஷன் செய்தீர்கள்?" ஒவ்வொரு நாளும் ஒரே பதில்தான். "ஒன்றும் செய்யவில்லை மேடம். நின்றேன்." ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டேன், நிற்பதற்கு நோர்வேயிலிருந்து ஓர் ஆள் வர வேண்டுமா, பேராதனைச் சந்தியில் நிற்கிறவர்கள் போதாதா என்று. நீ சிரித்துவிட்டு விளக்கினாய். அவரும் கழுவி, கவுன் போட்டு, கையுறை மாட்டி, கத்தி எடுக்கிறவருக்குச் சமமாகத் தயாராவாராம். பிறகு இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இளம் டொக்டரின் தோளுக்குப் பக்கத்தில் நிற்பாராம். மூன்று கேள்விகள் மட்டும் கேட்பாராம். இப்போது என்ன பார்க்கிறாய்? அடுத்து என்ன செய்யப் போகிறாய்? அது சரிவராவிட்டால்? பதில் வந்துவிட்டால் தலையாட்டுவார். ஆபத்தென்றால் மட்டும்தான் கை கீழே இறங்கும். இதை நீ ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாய் என்பதையும் நான் கவனித்தேன்.

எனக்கு அந்த நிலையே பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் உனக்குத் தெரியும், ஆனால் நான் முழுதாகச் சொன்னதில்லை. புசல்லாவையில் என் அப்பா தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு நாள் எனக்கு ஏழு வயதிருக்கும், அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அம்மா என்னைத் துரை பங்களாவுக்கு அனுப்பினார். வராந்தாவில் பெரிய துரை கதிரையில் இருந்து கடிதம் படித்துக்கொண்டிருந்தார். அப்பா படிக்குக் கீழே கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார். துரை கடிதத்தை முடிக்கும் வரைக்கும் நின்றார். நான் கண்ணாடியைப் படியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கான்வென்டில் மதர் முதுகை நிமிர்த்தி நடக்கச் சொல்லித் தரும்போதெல்லாம், வேறு எந்தப் பிள்ளையைவிடவும் நான் நிமிர்ந்து நடந்தேன். உன்னை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடும்போது சொன்னேன், யார் முன்னாலும் கைகட்டி நிற்கக்கூடாது என்று. நீ என்ன செய்தாய்? டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் கைகட்டி உட்காரச் சொன்னபோது, "எங்கம்மா கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று கைகளை இரண்டு பக்கமும் நீட்டி வைத்துக்கொண்டாய். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா ஒரு வாரம் சிரித்தார்.

இப்போது என் முகத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியை நீ மருமகளுக்கு வாசித்துக் காட்டலாம், அவளுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்க வாய்ப்புக் குறைவு. டொக்டர் ஆர்னே வரத் தொடங்கி மூன்றாம் வருஷம், என் இடது கன்னத்தில் மின்னல் வெட்டத் தொடங்கியது. பல் விளக்கினால் வெட்டும், ஃபேன் காற்றுப் பட்டால் வெட்டும், சிரித்தால் வெட்டும். நான் அதைப் பல்வலி என்று தீர்மானித்தேன். டவுனில் பல் டொக்டர் பார்த்துவிட்டு, "பல்லுல ஒரு குறையும் இல்ல, மகன்கிட்ட ஒருக்காக் காட்டுங்களேன்" என்றார் பாவம். "என் மகன் மூளை டொக்டர், பல் டொக்டரில்லை, நீங்கள் பிடுங்குங்கள்" என்று அதட்டினேன். ஒரு பல்லைப் பிடுங்க வைத்தேன். வலி நிற்கவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்க வைத்தேன். வழி கேட்டுத் தினமும் நம் கேற்றில் ஆட்கள் நிற்கும் அளவுக்குப் பேர் பெற்ற நரம்பு டொக்டரின் தாய், நரம்புவலிக்கு இரண்டு நல்ல பற்களைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். உனக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று நினைத்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. என் உடம்பில் எனக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது என்று உன்னிடம் ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை.

நீ கண்டுபிடித்தது பவுடரால். ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு நின்றேன். நீ காரில் ஏறாமல் என்னையே பார்த்தாய். "அம்மா, ஏன் ஒரு பக்கம் மட்டும் பவுடர் போட்டிருக்கீங்க?" எந்தக் காலத்திலும் ஒரு மயிர் கலையாமல் வெளியே போகும் நான், இடது கன்னத்தைத் தொடப் பயந்து அரை முகத்தோடு நின்றிருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போகவில்லை, ஸ்கேனுக்குப் போனோம். முகத்துக்குப் போகும் நரம்பின் மேல் ஓர் இரத்தக்குழாய் ஏறி உட்கார்ந்து, நாடி துடிக்கும் போதெல்லாம் இடிக்கிறது என்றாய். மாத்திரை தந்தாய். மாத்திரையில் தலை சுற்றி குளியலறையில் விழுந்தேன். காதுக்குப் பின்னால் திறந்து, அந்தக் குழாயை மெல்ல நகர்த்தி, இடையில் பஞ்சு மாதிரி ஒரு சின்னத் துண்டை வைத்தால் சரியாகிவிடும், ஆனால் பெற்ற தாயை மகன் வெட்டக்கூடாது என்றாய். நான் கவலைப்படவில்லை. ஜனவரி வந்துகொண்டிருந்தது. ஆள் நம் வீட்டு மேசையிலேயே இருக்கப் போகிறாரே.

வந்த மறுநாள் காலையில் ஜாம் போத்தலை நகர்த்திக்கொண்டே சொன்னேன், "டொக்டர், இந்த முறை நீங்கள் ஓர் ஒபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது." அவர் வாயைத் துடைத்துவிட்டு, "இல்லை மேடம். டொக்டர் ரிஸானா செய்வார். நான் நிற்பேன்" என்றார். உன்னோடு வேலை செய்யும் அக்குறணைப் பிள்ளை ரிஸானா, உன்னிடம் ஏதோ கையெழுத்து வாங்க வந்து அப்போதுதான் ஹோலுக்குள் காலை வைத்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன், "இவளா?" அது மட்டுமா சொன்னேன். இவள் போன வருஷம் வரைக்கும் ஸ்கூல் பிள்ளை மாதிரி இருந்தாளே என்றேன். என் தலை என்ன பழகிப் பார்க்கிற கொப்பியா என்றேன். அதோடு விடாமல் இரண்டு நாள் டொக்டர் ஆர்னேக்கு வெறும் பாண் வைத்தேன், ஜாமை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் வெறும் பாணை நன்றாக மென்று சாப்பிட்டுவிட்டு, "ருசியாக இருக்கிறது மேடம்" என்றார். அந்த மனிதரைக் கோபப்படுத்த என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் ரிஸானா தனியாக வந்தாள். உட்காரச் சொல்லவில்லை, தானே உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, நீங்க பயப்படுறது ஒபரேஷனுக்கா, எனக்கா?" என்று கேட்டாள். "ரெண்டுக்கும் மருந்து இருக்கு. ஆனா வேற வேற மருந்து." நான் மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். "எனக்குன்னா, நான் இதுவரைக்கும் செஞ்ச ஒவ்வொன்னையும் சொல்றேன், எது சரிவந்துச்சு, எது வரல்லன்னு. கேட்டுட்டுச் சொல்லுங்க." சொன்னாள். சரிவராத ஒன்றை இரண்டு தடவை சொன்னாள். கான்வென்டில் நான் அறிந்த எந்தப் பாவசங்கீர்த்தனமும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. நான் எழுந்து போய் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். அதுதான் என் சம்மதம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "சீனி கூட ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

தியேட்டருக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போன சிங்களத் தாதி "பய வென்ன எப்பா அம்மே" என்று கையைப் பிடித்தாள். நான் பயப்படவில்லை என்று சிங்களத்திலேயே பொய் சொன்னேன். மயக்கம் வருவதற்கு முன் கடைசியாகக் கண்டது இதைத்தான். அந்த ஆறடி உயர வெள்ளைக்கார மனிதர், உலகத்தில் எத்தனையோ தலைகளைத் திறந்த மனிதர், கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, என் தோளுயரம் இருக்கும் அக்குறணைப் பிள்ளைக்குப் பின்னால் நின்றார். அடக்கத்தோடு நின்றார் என்று எழுத வருகிறது, ஆனால் அது அடக்கமில்லை. அவருடைய கண்கள் முழுக்க வேலை செய்துகொண்டிருந்தன. என் அப்பா படிக்குக் கீழே நின்றதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டேதான் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது வலியில்லை. தலையில் கட்டு, வாந்தி, எல்லாம் இருந்தது, மின்னல் மட்டும் இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயைத் திறந்து இடது கன்னத்தில் பச்சைத் தண்ணீரை அள்ளி அடித்துப் பார்த்தேன். திரும்பவும் அடித்துப் பார்த்தேன். தாதி வந்து குழாயை மூடினாள். ரிஸானா பார்க்க வந்தாள். மன்னிப்புக் கேட்பதென்றால் சுற்றி வளைக்காமல் ஒரே தடவையில் கேட்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். "நான் அன்று சொன்னது தப்பு" என்றேன். "எந்தச் சொல்லு ஆன்ட்டி?" என்று கேட்டாள் அவள். "நிறையச் சொன்னீங்களே." தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

உன்னைப் பற்றி அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து நான் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். நீ வெளியே தேத்தண்ணி அறையில் இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாய். ஆனால் கழுவி, கவுனும் போட்டுக்கொண்டு உள்ளே வந்து சுவர் ஓரமாக நின்றாயாம். மைக்ரோஸ்கோப்பின் கீழ் நரம்பு தெரிந்தது, அதன் மேல் உட்கார்ந்திருந்த குழாய் தெரிந்தது. ரிஸானா கையை அசைக்காமல் நின்றாள். எத்தனை செக்கன் என்று யாரும் பார்க்கவில்லை. நீ முன்னால் வந்து கையை நீட்டி, "ரிஸானா, தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்றாயாம். டொக்டர் ஆர்னே திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவர் தடுமாறவில்லை டொக்டர். பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் போய் உங்கள் அம்மாவுக்கு சூப் ஏற்பாடு செய்யுங்கள்" என்றாராம். நீ வெளியே போனாய். ரிஸானா இன்னும் கொஞ்சம் பார்த்தாள். நரம்பின் அடியில் இரண்டாவதாக இன்னொரு மெல்லிய குழாய் ஒளிந்துகொண்டிருந்தது. முதலாவதை மட்டும் நகர்த்திவிட்டு மூடியிருந்தால், கொஞ்ச நாளில் எனக்கு மின்னல் திரும்பியிருக்கும். நீ நீட்டிய கை அவளை அவசரப்படுத்தியிருந்தால், நான் மூன்றாவது பல்லையும் பிடுங்கியிருப்பேன்.

நீயாக என்னிடம் வந்து இதைச் சொல்லவில்லை என்பதற்காக நான் கோபிக்கவில்லை. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதினொரு வயது, தமிழ்த் தினப் பேச்சுப் போட்டி. பேச்சை எழுதியவள் நான். உன்னை ஒவ்வொரு சொல்லாக ஒப்புவிக்க வைத்தவளும் நான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ பாதியில் நிறுத்தினாய். மண்டபம் அமைதியாக இருந்தது. நான் பொறுக்கவில்லை. அடுத்த வரியை உட்கார்ந்த இடத்திலிருந்தே உரக்கச் சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. நீ மிச்சத்தைத் தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டு இறங்கினாய். அதற்குப் பிறகு நீ எந்த மேடையிலும் ஏறவில்லை. பஸ்ஸில் வரும்போது நான், "பயந்துட்டியா? மறந்துபோச்சா?" என்று கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், "மறக்கலம்மா. மூச்சு வாங்கினேன்."

மகன், அந்தப் பதிலை நான் கேட்டேன், ஆனால் முப்பத்தெட்டு வருஷம் அது எனக்குள் இறங்கவில்லை. ரிஸானா தன் கதையைச் சொன்ன அன்றுதான் இறங்கியது. பிறர் நிற்கும் இடத்தில் நமக்கு, உனக்கும் எனக்கும், கை துடிக்கிறது. அந்த நிற்பதற்குள் அவர்கள் ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதில்லை. நம்மைவிட மெதுவாக யோசிப்பவர் யோசிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நான் உன் வாயிலிருந்து ஒரு வரியைப் பறித்தேன். நீ அதைத் திரும்பக் கேட்கவில்லை, வேறு ஆட்களின் கையிலிருந்து கத்தியைப் பறிக்கப் பழகிக்கொண்டாய். இதில் பெரிய குற்றவாளி யார் என்று நான் எழுதித் தர வேண்டியதில்லை. இப்போது எழுதித் தந்துவிட்டேன், மலரிலும் வரும்.

ஆகவே போகிற இடத்தில் நீ எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் மலையும் தேயிலையும் இருக்கிறதாம். நம் தேயிலையைப் பற்றிப் பெருமையடிக்காதே, அவர்கள் தருவதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல். எதையாவது எதனோடாவது சேர்த்துச் சாப்பிடத் தோன்றினால் தைரியமாகச் சாப்பிடு, அந்த வீட்டம்மா நாலாம் நாள் பழகிவிடுவார். ஆஸ்பத்திரியில் ஒரு சாமான் இல்லையென்றால் முகத்தைச் சுளிக்காதே, அது இல்லாமல் அந்தப் பெண் இவ்வளவு காலம் எப்படிச் சமாளித்தாள் என்று கேள், நீ ஏதாவது கற்றுக்கொள்வாய். நோயாளிகள் உன்னைப் பார்த்துப் பேசினால் நீ அவளைப் பார். அவள் தோளுக்குப் பின்னால் நில். டொக்டர் ஆர்னே இப்போது எனக்கு எழுதும் கடிதங்களில், கண்டியில் தனக்கு வேலையில்லாமல் போய்விட்டது என்று சந்தோஷமாக எழுதுகிறார். ரிஸானாவே இப்போது இரண்டு பேரைப் பழக்குகிறாள். மலாவிக்கு உன் பெயரைக் கொடுத்தவர் அவர்தான். நீ முழுதாகத் தயாராகிவிட்டாய் என்று அவர் நினைத்துக் கொடுத்தாரா, போனால் தயாராவாய் என்று நினைத்துக் கொடுத்தாரா என்று கேட்டு எழுதினேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை, காலநிலையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கடைசியாக, நான் உன்னிடம் மறைத்த விஷயம். அதே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன், நீ தயிர் வாங்கச் சந்திக்குப் போயிருந்தாய், போனை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாய். அது அடித்தது. அடுத்தவர் போனை எடுப்பது நல்ல பழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். எடுத்தேன். படத்தோடு வந்தது. டொக்டர் தன்டிவே. உன் பெயரைச் சொல்லி நீ இருக்கிறாயா என்று கேட்டாள். நான் உன் தாய் என்றேன். அவள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், ஐம்பது வயதிருக்கும், தலையில் மஞ்சள் துணி. சந்தையில் மரக்கறி விற்கிறவளாம். அவள் போனுக்குள் குனிந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். தன்டிவே சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள், "இந்த அம்மாதான் வெளிநாட்டிலிருந்து வரப்போகும் டொக்டரா என்று கேட்கிறார்."

அந்த அம்மாவின் தலைக்குள் ஒரு கட்டி. கெட்ட கட்டியில்லை, ஆனால் கண்ணுக்குப் போகும் நரம்பை நெருக்குகிறது. ஒரு கண்ணில் ஏற்கெனவே பாதி போய்விட்டது. தன்டிவே செய்யலாம், செய்யத் தெரியும், உன் கண் பக்கத்தில் இருந்தால் இன்னும் துணிவாகச் செய்வாள். ஆனால் நோயாளி ஒப்புக்கொள்ளவில்லை. வெளிநாட்டு டொக்டர் தன் கையால் செய்தால்தான் படுப்பேன், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டாளாம். உன் முகத்தைக் காட்டிச் சமாதானம் செய்யத்தான் எடுத்திருக்கிறாள். தன்டிவே அந்த அம்மாவிடமிருந்து திரும்பி இதை எனக்குச் சொல்லும்போது அவள் குரலில் குறையே இல்லை, ஆனால் அந்த முகத்தை எனக்குத் தெரியும். நம் ஹோலுக்குள் காலை வைத்தபடி நின்ற ரிஸானாவின் முகம் அது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். கொண்டை ஊசியை எடுத்தேன். போனுக்குப் பக்கவாட்டில் திரும்பி, காதுக்குப் பின்னால் மயிரை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன். கூடப் பிறந்தவர்கள்கூடப் பார்க்காத தழும்பு அது. அந்த அம்மா போனைக் கையில் வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள். யார் செய்தது என்று கேட்டாள். "ஒரு பெண் பிள்ளை. எங்கள் ஊர்ப் பிள்ளை. நானும் உங்களை மாதிரித்தான் வெளிநாட்டு டொக்டர் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அவர் கைகட்டிக்கொண்டு நின்றார். அதனால்தான் இன்று நான் முகம் கழுவுகிறேன்" என்றேன். தன்டிவே மொழிபெயர்த்தாள், நடுவில் ஓர் இடத்தில் கொஞ்சம் நின்று மூச்சை எடுத்துக்கொண்டு. நான் குறுக்கே பேசாமல் இருந்தேன் மகன். நான் பொறுத்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த அம்மா யோசித்தாள். பிறகு கேட்டாள், "உங்கள் மகன் இவ்வளவு தூரம் சும்மா நிற்பதற்கா வருகிறார்?" ஆமாம் என்றேன். அதற்குத்தான் வருகிறான் என்றேன். கத்தியை அவன் தொட மாட்டான், உங்கள் டொக்டர் கேட்டால் ஒழிய கையை இறக்க மாட்டான், இது ஒரு தாயின் வாக்கு என்றேன். அவள் தன்டிவேயைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள், அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்ப்பது மாதிரி. பிறகு தலையாட்டினாள். இதையெல்லாம் நான் எழுதலாமா என்று கேட்டேன், பெயர் போடாமல் எழுதுங்கள் என்றாள். தன்டிவேயிடம் என் நம்பரைக் கொடுத்து, மகனுக்கு நானே சொல்கிறேன், நீங்கள் அவசரப்படாதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

உன்னைக் கேட்காமல் உன் பெயரில் வாக்குக் கொடுத்தது தப்புத்தான். உன் வாழ்க்கையில் நான் மூக்கை நுழைத்த கடைசித் தடவை இது என்று சொன்னால் நீ நம்பப்போவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. நேற்று தன்டிவே சத்திரசிகிச்சைப் பட்டியலின் படத்தை எனக்கே அனுப்பியிருக்கிறாள். நீ போய் இறங்கும் கிழமை, செவ்வாய்க்கிழமை காலை, முதல் நோயாளி அந்த அம்மா. செய்பவர் என்ற இடத்தில் டொக்டர் தன்டிவேயின் பெயர். அதற்குக் கீழே, உதவிக்கு நிற்பவர் என்ற இடத்தில், நான் உனக்கு வைத்த பெயர், எழுத்துப் பிழையில்லாமல். அதை அச்செடுத்துத் தரச் சொல்லி சந்திக் கடைப் பையனிடம் கேட்டேன். கண்ணாடிச் சட்டம் போடட்டுமா ஆன்ட்டி என்றான். போடு என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா